பன்னிரண்டில் பதினொரு பங்கு: ஸ்தானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கியின் இரண்டு கோப்புகள்

ஒரு பின்னத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது: 18 11/12. இரண்டாம் உலகப் போரில் போலந்து விமானிகள் வீழ்த்திய எதிரி விமானங்களை ஆள்வாரியாகக் கணக்கெடுத்த பட்டியல் ஒன்று உண்டு. யெஷி பயான் என்ற விமானியின் பெயரால் அது அறியப்படுகிறது. ஒரு விமானத்தை இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று. நாலு பேர் என்றால் கால். இப்படி அரையும் காலுமாகக் கூட்டிக்கொண்டு வந்ததில் ஸ்தானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி என்பவர் பேரில் பதினெட்டு முழு விமானங்களும் பன்னிரண்டில் பதினொரு பங்கும் நின்றன. பட்டியலில் அவருக்குத்தான் முதலிடம். மளிகைக்கடைச் சிட்டையில்கூட இவ்வளவு கறார் இருக்காது.

இதே மனிதரைப் பற்றி இன்னொரு கோப்பும் இருந்தது. 1948 ஜூன் 4இல் வார்சாவில் கைது. குற்றச்சாட்டு, உளவு. 1950 ஏப்ரல் 7இல் மரண தண்டனை. இரண்டு கோப்புகளும் ஒரே வாழ்க்கையைப் பற்றியவை என்பதல்ல என்னை உறுத்துவது. ஏறத்தாழ ஒரே செய்திகளால் ஆனவை அவை. எந்த வானத்தில் பறந்தார், யார் கொடுத்த விமானத்தில் பறந்தார், யார் நெஞ்சில் பதக்கம் குத்தினார்கள், யாரோடு சேர்ந்து சாப்பிட்டார், எந்த மொழியில் உத்தரவு வாங்கினார். முதல் கோப்பில் பாராட்டுரையாக இருப்பதை எடுத்து இரண்டாவதில் வைத்தால் அதுவே சந்தேகத்துக்கான முகாந்திரமாகிவிடுகிறது. வாக்கியத்தை மாற்ற வேண்டியதில்லை. வாசிக்கிற நாற்காலி மாறினால் போதும்.

போர்ச் சாகசங்களில் எனக்கு ருசி கிடையாது. ‘வீரன்’ என்ற சொல் வருகிற இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிடுகிற பழக்கம் உள்ளவன் நான். ஆனால் நாடு இழந்தவன் என்பவன் யார், அவனுடைய வரலாற்றை எழுதும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்தப் போலந்துக்காரர் குறுக்கே வந்து நிற்கிறார்.

ஸ்கால்ஸ்கி 1915இல் பிறந்தார். பிறந்த ஊர் கோடிமா, ஒடெஸாவுக்கு வடக்கே. அப்போது அது ரஷ்யப் பேரரசு, இப்போது உக்ரைன். அவர் பிறந்தபோது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்தில் இல்லை என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். 1795இல் ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டுக்கொண்டு விழுங்கிய தேசம் அது. 1918இல்தான் மறுபடி வெளியே வந்தது. இடைப்பட்ட நூற்றிச் சொச்சம் ஆண்டுகளில் போலந்து பெரும்பாலும் வெளியூர்களில்தான் ‘இருந்தது’. இன்றைய அதன் தேசிய கீதமே 1797இல் இத்தாலியில், அந்நியச் சேனையில் சேர்ந்திருந்த போலந்துச் சிப்பாய்களுக்காக எழுதப்பட்டது. அதன் மகாகவி மிக்கியேவிச் பாரிஸில் உட்கார்ந்து எழுதினார். மண் இல்லாதபோது மொழியையும் பட்டாளத்தையும் வைத்துத் தேசத்தை நடத்துவது அவர்களுக்குப் புது விஷயமல்ல, கிட்டத்தட்ட ஒரு மரபு. 1939இல் எல்லை தாண்டியவர்கள் இந்தப் பிரதியை ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

ஸ்கால்ஸ்கி படித்தது துப்னோவில். அதுவும் இன்று உக்ரைனில்தான் இருக்கிறது. தெம்ப்ளின் விமானப்படைப் பள்ளியில் 1938இல் தேறி, தோருன் நகரத்திலிருந்த 142ஆம் அணியில் சேர்ந்தார். அடுத்த வருடம் யுத்தம். போலந்து விமானப்படை முதல் நாளே தரையில் வைத்து அழிக்கப்பட்டுவிட்டது என்று ஒரு கதை உண்டு; ஜெர்மன் பிரச்சாரம் சொன்னதை வென்றவர்களும் தோற்றவர்களும் சேர்ந்து பல காலம் திருப்பிச் சொன்னார்கள். சண்டை விமானங்கள் முன்கூட்டியே மறைவான மைதானங்களுக்கு நகர்த்தப்பட்டிருந்தன. அவை பறந்தன, சுட்டன. ஆனால் அவர்கள் ஓட்டிய பி.11, திறந்த இருக்கையும் உள்ளே மடங்காத சக்கரங்களும் கொண்ட வண்டி. மணிக்கு 400 கிலோமீட்டரை எட்டாது. எதிரே வந்த மெஸ்ஸர்ஷ்மிட் ஐந்நூறைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

செப்டம்பர் 1 அன்று நடந்த ஒன்று பலராலும் சொல்லப்படுவது. ஜெர்மன் உளவு விமானம் ஒன்று அடிபட்டு வயலில் இறங்கிவிடுகிறது. ஸ்கால்ஸ்கி தன் விமானத்தை அதன் அருகிலேயே இறக்கி, காயம்பட்டுக் கிடந்த இரண்டு ஜெர்மானியர்களுக்கும் முதலுதவி செய்கிறார். அவர்களிடமிருந்த வரைபடங்களை எடுத்து மேலே அனுப்புகிறார். முதலுதவியை மட்டும் சொல்பவர்கள் உண்டு, வரைபடத்தை மட்டும் சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் நம்பத் தகுந்ததாக இருக்கிறது. இருபத்துமூன்று வயதுப் பையன், யுத்தத்தின் முதல் நாள், இன்னும் எதுவும் கெட்டிப்படவில்லை.

செப்டம்பர் 17இல் கிழக்கிலிருந்து செஞ்சேனை உள்ளே வந்தது. ஹிட்லரும் ஸ்டாலினும் ஆகஸ்டில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் ரகசியப் பகுதி அமலுக்கு வந்த நாள் அது. தெற்கே ருமேனிய எல்லைக்குப் போ என்று உத்தரவு. போக முடிந்தவர்கள் போனார்கள். சோவியத் கையில் அகப்பட்ட அதிகாரிகளில் பெரும்பாலோர் 1940 வசந்தத்தில், காத்தின் காட்டிலும் வேறு இடங்களிலும், பின்மண்டையில் சுடப்பட்டார்கள்; மொத்தம் ஏறத்தாழ 22,000 பேர். அவர்களில் விமானிகளும் இருந்தார்கள். காத்தினில் கொல்லப்பட்ட ஒரே பெண் அதிகாரியான யானினா லெவந்தோவ்ஸ்காவும் ஒரு விமானிதான். தெற்கா கிழக்கா என்ற வித்தியாசம்தான் உயிர் என்றாகியிருந்தது.

தமிழில் ‘நாடுகடத்தல்’ என்றால் ஒருவன் வெளியேற்றப்படுகிறான், நாடு அங்கேயே இருக்கிறது. ‘புலம்பெயர்தல்’ என்றாலும் ஆள்தான் பெயர்கிறான். 1983க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு நம்மிடையே கூடியிருக்கிற கனம் எல்லோருக்கும் தெரியும். ஸ்கால்ஸ்கி விஷயத்தில் நாடும் சேர்ந்து பெயர்ந்துவிட்டது. எல்லைக்கோடு நகர்ந்தது, அரசாங்கம் லண்டனுக்குப் போனது, அவர் படித்த ஊர் வேறு நாடாயிற்று. இதற்கு ஒற்றைச் சொல் நம்மிடம் இல்லை. ஐரோப்பியர்களிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

ருமேனியா, பெய்ரூத், பிரான்ஸ், 1940 ஜனவரியில் பிரிட்டன். போலந்துக்காரர்கள் அந்தத் தீவை ‘கடைசி நம்பிக்கையின் தீவு’ என்றார்கள். ஜெர்மன் வானொலி அவர்களைச் ‘சிகோர்ஸ்கியின் சுற்றுலாப் பயணிகள்’ என்று கிண்டல் செய்தது. சிகோர்ஸ்கி, வெளியில் அமைந்த அவர்களுடைய அரசின் பிரதமர். கிண்டலை அவர்களே பட்டப்பெயராகப் போட்டுக்கொண்டார்கள்.

தீவில் முதலில் கிடைத்தது நம்பிக்கை அல்ல, அவநம்பிக்கை. ஒரே மாதத்தில் தோற்றவர்கள், மனசு உடைந்தவர்கள், மொழி தெரியாதவர்கள் என்பது பிரிட்டிஷ் அதிகாரிகளின் மதிப்பீடு. முதலில் வந்த விமானிகள் பிரிட்டிஷ் விமானப்படையின் தன்னார்வச் சேமப்பிரிவில் சேர்க்கப்பட்டார்கள். போலந்துக்கு எடுத்த சத்தியப்பிரமாணம் போதாதென்று மன்னர் ஜார்ஜுக்கும் ஒன்று எடுக்க வேண்டியிருந்தது. தனிப் போலந்து விமானப்படை என்ற அந்தஸ்து 1940 ஆகஸ்ட் உடன்படிக்கையில்தான் வந்தது. ஒரு மனிதன் இரண்டு சத்தியங்களைச் சுமந்துகொண்டிருக்கிறான் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வார்சாவில் கணக்கு வந்துவிடும்.

பிறகு உடம்பைத் திருப்பிப் பழக்க வேண்டும். பி.11இன் சக்கரங்கள் நிரந்தரமாகக் கீழேயே இருப்பவை. ஹரிக்கேனில் இறங்கும்முன் ஞாபகமாகக் கீழே விட வேண்டும். எத்தனையோ பேர் மறந்துபோய் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கினார்கள். கிலோமீட்டர் மைலாயிற்று, மீட்டர் அடியாயிற்று, லிட்டர் காலனாயிற்று. காதில் இரைச்சலுக்கு நடுவே வருகிற ஆங்கில எண்கள்தான் மேலே போ, திரும்பு, எதிரி இங்கே என்பதெல்லாம். நாடிழந்த வாழ்வு என்று நாம் கவித்துவமாகச் சொல்வதன் தினசரி உருவம் இதுதான் என்று நினைக்கிறேன். அனிச்சையாகச் செய்ததை எல்லாம் யோசித்துச் செய்ய வேண்டும். யோசிப்பதற்கோ அரை வினாடிதான் இருக்கிறது.

பிரிட்டன் போரில் பறந்த போலந்து விமானிகள் 145 பேர். புகழெல்லாம் 303ஆம் அணிக்குப் போயிற்று. 126 விமானங்களை வீழ்த்தியதாக அது கணக்குக் காட்டியது. இன்றைக்கும் படம் எடுப்பதென்றால் அந்த அணியைப் பற்றித்தான் எடுக்கிறார்கள். ஸ்கால்ஸ்கி அதில் இல்லை. அவர் 501ஆம் அணியில், பிரிட்டிஷ்காரர்களுக்கு நடுவே பறந்தார். போலந்து அணியில் பயந்தாலும் திட்டினாலும் சொந்த மொழியில் செய்யலாம். இங்கே அந்த வசதி குறைவு. ஆகஸ்ட் கடைசியில் சேர்ந்து சில நாட்களிலேயே அடுத்தடுத்து விமானங்களை வீழ்த்தினார். செப்டம்பர் 5இல் அவரே வீழ்த்தப்பட்டார். தீக்காயங்களோடு பாராசூட்டில் குதித்து, வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். பன்னிரண்டில் பதினொரு பங்குவரை கணக்கு வைத்த பட்டியலில் இதற்குப் பத்தி கிடையாது.

இந்த இடத்தில் நண்பர் ஒருவர் கேட்டதைச் சொல்ல வேண்டும். “பிரிட்டிஷ்காரனுக்கு ஏரோப்ளேன் ஓட்டினவனுக்கு எதுக்குய்யா கட்டுரை? அதே ஏர்ஃபோர்ஸ்தான நம்மாளுங்களச் சுட்டுச்சு?” கேள்வி நியாயமானது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ கிளர்ச்சியின்போது பிஹாரில் கூட்டங்களின் மீது விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட வைஸ்ராய் லின்லித்கோ அனுமதி கொடுத்தார். ஸ்கால்ஸ்கி அப்போது பிரிட்டனில் 317ஆம் போலந்து அணிக்குத் தளபதி. அவர் கையில் பிஹாரின் ரத்தம் இல்லை. ஆனால் விமானத்தின் முதலாளி ஒருவரே. ஒருவனுடைய கடைசி நம்பிக்கையின் தீவு இன்னொருவனுக்குச் சிறைக்காவலன். இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. கூடவே இதையும் சொல்ல வேண்டும்: யார் விமானத்தில் ஏறுவது என்று தேர்ந்தெடுக்கிற சௌகரியம் நாடிழந்தவனுக்குக் கிடையாது. அந்தச் சௌகரியம் அவனுக்கு இருந்ததுபோலப் பேசுகிற நம்முடைய தூய்மை எங்கிருந்து வருகிறது? நம்மூர் இடதுசாரி அலமாரிகளில் இருந்த சோவியத் வெளியீடுகளில் போலந்து 1944-45இல் ‘விடுதலை’ ஆனது; 1939 செப்டம்பர் 17 ஒரு வரிகூட இல்லை. காத்தின் கொலைகளை மாஸ்கோ ஒப்புக்கொண்டதே 1990இல்தான். அவ்வளவு பெரிய மௌனத்தை அச்சேற்றி, மலிவு விலையில் நமக்கு விற்றிருக்கிறார்கள், நாமும் வாங்கியிருக்கிறோம்.

மீதிப் போரை வேகமாகக் கடந்துவிடலாம். 1943 வசந்தத்தில் சுமார் பதினைந்து போலந்து விமானிகளைக் கொண்ட ஒரு குழு துனீசியாவில் பறந்தது. ‘ஸ்கால்ஸ்கியின் சர்க்கஸ்’ என்று பெயர். பிறகு 601ஆம் அணிக்குத் தளபதி. பிரிட்டிஷ் அணி ஒன்றுக்குப் போலந்துக்காரர் தளபதியாவது அதுவரை வழக்கத்தில் இல்லாத காரியம். 1944இல் நார்மண்டி வானத்தில் 133ஆம் பிரிவின் தலைமை. பதக்கங்கள் பிரிட்டனும் கொடுத்தது, லண்டனிலிருந்த போலந்து அரசும் கொடுத்தது.

ஆனால் 1945 பிப்ரவரியில் யால்டாவில் கிழக்குப் போலந்து ஸ்டாலினுக்கென்று முடிவாகிவிட்டது. துப்னோ போயிற்று. ஜூலையில் பிரிட்டன் லண்டன் போலந்து அரசுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. வார்சாவில் மாஸ்கோ ஆதரவோடு உட்கார்ந்தவர்களை அங்கீகரித்தது. 1946 ஜூனில் லண்டனில் வெற்றி அணிவகுப்பு. போலந்துப் படைகளுக்கு இடமில்லை. கடைசி நேரத்தில் விமானிகள் 25 பேரை மட்டும் பிரிட்டிஷ் விமானப்படையோடு நடக்கக் கூப்பிட்டார்கள். தரைப்படையும் கப்பற்படையும் இல்லாமல் நாங்கள் மட்டும் வரமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். இந்த மறுப்பு எனக்குப் பதினெட்டு விமானங்களைவிடப் பெரிதாகப்படுகிறது.

தங்கியவர்களுக்கு என்ன கிடைத்தது? டாங்கிப் படையை நடத்திய ஜெனரல் மாச்செக் எடின்பரோவில் ஒரு பாரில் மது ஊற்றிக் கொடுத்தார். ஆர்ன்ஹெமில் பாராசூட் படையை இறக்கிய சோசபோவ்ஸ்கி தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 303ஆம் அணித் தளபதியாக இருந்த யான் ஜும்பாக் கடத்தல் வியாபாரம் செய்தார். 1962இல் கடாங்காவிலும் 1967இல் பியாஃப்ராவிலும் கூலிக்குக் குண்டு போடும் விமானம் ஓட்டினார். தேசத்துக்காகக் கற்ற வித்தை, தேசம் கையைவிட்டுப் போனபின் சந்தைக்கு வந்துவிட்டது. ஜும்பாக்கைப் பற்றி உற்சாகமாக எழுதுகிறார்கள். எனக்கு அது உற்சாகம் தருகிற கதையாகத் தெரியவில்லை. பிரிந்து போகத் துடித்த ஆப்பிரிக்கப் பிரதேசங்களின் வானத்தில் ஒரு போலந்துக்காரன், 1939இல் தன் தலைக்கு மேலே பறந்த வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறான்.

ஸ்கால்ஸ்கி திரும்பினார். 1947 ஜூனில் போலந்துக்குப் போய் அங்கே விமானப்படையில் சேர்ந்தார். அசட்டுத் துணிச்சல் என்று சொல்லலாம், ஏக்கம் என்று சொல்லலாம். நாடிழந்தவனைப் பற்றிய நம் கதையாடல்கள் எல்லாம் ‘திரும்புதல்’ என்ற சொல்லில் முடிகின்றன. அங்கேதான் தொடங்குகிறது வில்லங்கம். ஒரு வருடத்துக்குள் கைது. மேற்கிலிருந்து வந்தவன், ஆங்கிலம் தெரிந்தவன், பிரிட்டிஷ் அதிகாரிகளை அறிந்தவன். உளவாளி என்பதற்கு ஸ்டாலினிய அரசுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவரைச் சந்தேகத்துக்குரியவராக்கியது அவர் செய்த காரியம் அல்ல, அவருக்கு ‘வெளி’ தெரியும் என்பது. இரண்டு இடங்களைப் பார்த்தவன் ஒப்பிடுவான். ஒப்பிடக்கூடியவன் இருப்பதே ஒற்றைக் கதையாடலுக்கு ஆபத்து.

சித்திரவதை, பொய் வழக்கு, மரண தண்டனை. அம்மா குடியரசுத் தலைவர் பியெருத்துக்கு மனுப் போட்டார். தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. மொகோதூவ், ராவிச், விரோன்கி சிறைகள். அதே மொகோதூவ் சிறையில்தான், தலைமறைவு எதிர்ப்புப் படையைச் சேர்ந்த மொச்சார்ஸ்கி என்பவரை, வார்சா யூதச் சேரியை அழித்த நாஜி ஜெனரல் ஸ்ட்ரூப்போடு 1949இல் ஒரே அறையில் பூட்டி வைத்தார்கள். நாஜியும் நாஜியை எதிர்த்தவனும் ஒரே கதவுக்குப் பின்னால். அரசின் வகைப்பாட்டு முறை எப்படியெல்லாம் வேலை செய்யும் என்பதற்கு இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை.

எல்லோருக்கும் மனு பலிக்கவில்லை. 1952 ஆகஸ்ட் 7 அன்று அந்தச் சிறையில் ஆறு விமானப்படை அதிகாரிகள் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ஷ்செபான் ஷ்சிபியோர். பிரிட்டனிலிருந்த 305ஆம் போலந்துக் குண்டுவீச்சு அணிக்குத் தளபதியாக இருந்து, ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகி, உயிரோடு ஊர் திரும்பியவர். ஹிட்லரின் முகாம் கொல்லாமல் விட்டவரைச் சொந்த அரசு கொன்றது.

1956 மார்ச்சில் பியெருத் மாஸ்கோவில் இறந்தார். அடுத்த மாதம் ஸ்கால்ஸ்கி வெளியே வந்தார். எட்டு வருடம். தீர்ப்பு ரத்தானது, சீருடை திரும்பக் கிடைத்தது. 1957இல் ஒரு நினைவுநூல் வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் ‘போலந்தின் மேல் கருஞ்சிலுவைகள்’ எனலாம். ஜெர்மன் விமானங்களின் சிறகுச் சின்னம் அந்தச் சிலுவை. எட்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்தவர் எழுதுகிறார். எழுத அனுமதிக்கப்பட்ட எதிரியின் சின்னம் இதுதான். சிவப்பு நட்சத்திரம் தலைப்பில் வர வாய்ப்பே இல்லை. ஒரு பிரதியை அது சொல்லாததை வைத்துப் படிக்க வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, அதற்குத் தலைப்பிலேயே உதாரணம்.

இதற்கு அடுத்த வருடம், 1958இல், வார்சாவுக்கு ஃபூக்கோ வந்தார், அங்கிருந்த பிரெஞ்சு மையத்தின் பொறுப்பாளராக. பைத்தியம் பற்றிய ஆய்வை எழுதிக்கொண்டிருந்த காலம். ரகசியப் போலீஸ் ஒரு இளைஞனை அவரோடு பழகவிட்டது. அவர் 1959இல் நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. அடைத்துவைத்தலையும் கண்காணிப்பையும் பற்றிப் பின்னால் அவர் எழுதியதை எல்லாம் வார்சாவில்தான் கற்றார் என்று சொல்லிவிட மாட்டேன். அது மலிவான முடிச்சு. ஆனால் கோப்பு என்பது ஒரு மனிதனைப் பற்றிய தகவல் அல்ல, அந்த மனிதனை உற்பத்தி செய்யும் இயந்திரம் என்பதை அந்த ஊரில் தெருவில் போகிறவர்கள்கூட அறிந்திருந்தார்கள்.

இன்னொரு அபாயமும் இருக்கிறது. 1989க்குப் பிறகு போலந்தில் முதல் கோப்பு மட்டும் திரும்பத் திறக்கப்படுகிறது. விமானங்கள், பின்னங்கள், பதக்கங்கள். தியாகி என்கிற வசதியான உருவம். ஆட்சி விழுவதற்கு ஒரு வருடம் முன்பே, 1988இல், பழைய அரசே அவரை ஜெனரலாக்கிவிட்டிருந்தது. அவரைச் சுடத் தீர்மானித்த அரசும், ஜெனரலாக்கிய அரசும், இப்போது கொண்டாடுகிற அரசும் ஒரே ஆளைத்தான் கையாள்கின்றன. 1990 டிசம்பர் 22இல் லண்டன் அரசின் கடைசித் தலைவர் கச்சோரோவ்ஸ்கி தம்மிடமிருந்த அரசுச் சின்னங்களை வார்சாவில் லெக் வாவென்சாவிடம் ஒப்படைத்தார். ஐம்பத்தொரு வருடம் வெளியே இருந்த குடியரசு அன்று வீட்டுக்கு வந்தது. துப்னோ வரவில்லை. அதை உக்ரைனியர்களிடமிருந்து திருப்பிக் கேட்கிற எண்ணமும் பொறுப்பான யாருக்கும் இல்லை, நல்லதுதான்.

ஸ்கால்ஸ்கி 2004 நவம்பர் 12இல் வார்சாவில் இறந்தார். பொவான்ஸ்கி ராணுவக் கல்லறையில் அடக்கம். அந்தக் கல்லறையில் ‘வோன்ச்கா’ என்றொரு பகுதி உண்டு. மொகோதூவ் சிறையில் 1948க்கும் 1956க்கும் இடையில் கொல்லப்பட்டவர்களைப் பெயரில்லாமல் குழியில் போட்ட இடம். 1980களில் அதன்மேலேயே ஆட்சிக்கு வேண்டப்பட்டவர்களின் சமாதிகளைக் கட்டினார்கள். 2012இல் தோண்டத் தொடங்கியபோது அந்தச் சமாதிகளுக்கு அடியில் கிடந்த எலும்புகளை உடனே எடுக்க முடியவில்லை. மேலே இருப்பவர்களின் குடும்பத்தாரிடம் பேச வேண்டியிருந்தது, சட்டம் திருத்த வேண்டியிருந்தது. ஜெனரலின் கல்லறையும் அந்தக் குழிகளும் ஒரே மதில்சுவருக்குள்தான் இருக்கின்றன.